முகப்பிலிருந்து அகற்றப்பட்ட பெண்

இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதல்ல என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். வலது கையை நெஞ்சில் வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இந்த வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற முழு நினைவோடு செய்கிற சத்தியம். நடுவில் யாராவது சிரித்தால் அது அவர்கள் பாடு. சிரிப்பதற்கென்று நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்த்ததெல்லாம் அலுவலகம் சேர்த்தது.

அவரைத் தெருவில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெற்று எட்டு வருஷமாகியும் கண்டக்டர்தான். முப்பத்திரண்டு வருஷம் ஒரே தடத்தில் ஓடிய பேருந்தில் பின்படியில் நின்றவர். இரண்டடி அகலமுள்ள அந்தப் படி வழியாக ஊரையே ஏற்றி இறக்கியவர். நிறைமாதக் கர்ப்பிணி, கோழிக்கூண்டு, மடக்காத கட்டில், ஒருமுறை பெரிய முரசோடு ஒரு வாத்தியக் கோஷ்டி முழுவதும். யாரும் நசுங்கியதில்லை, முரசு உட்பட. அப்பேர்ப்பட்டவருக்குத் தன் மனைவியைத் தன் வீட்டு வாசற்படி தாண்டி ஓரடி வெளியே கொண்டுவர முடியவில்லை. கதை அவ்வளவுதான். மீதி விவரம்.

நேர்மையென்றால் சாதாரண நேர்மை இல்லை. கல்யாணமான புதிதில் மனைவி அவர் பேருந்தில் ஏறியபோது அவளுக்கும் டிக்கெட் கிழித்தார். "எனக்குமா?" என்று அவள் கேட்டாள். "உள்ளே போங்கம்மா, வழியில நிக்காதீங்க" என்றார். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் நாற்பது வருஷம் அவரை வாரினாள்.

அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு விதிமீறல் உண்டு. அந்தப் பேருந்து மாலை நாலு இருபதுக்கு அவர் வீட்டுத் தெரு வழியாகத்தான் போகும். மனைவி வாசலில் வந்து நிற்பாள். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும். தன் வாசலைத் தாண்டும்போது மட்டும் கண்டக்டர் மூன்றாவதாக ஒன்று அடிப்பார், சின்னதாக. டிரைவர் அதைக் காதில் வாங்காமல் ஓட்டப் பழகியிருந்தார். அது வண்டிக்கு அடித்த விசில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

வாசற்படியின் உயரம் பதினோரு அங்குலம். ஏறுகிறவரின் முழங்காலையும் இறங்குகிறவரின் தலையெழுத்தையும் சோதிக்கிற படி. இரண்டு மழைக்கு முன்னால் கண்டக்டரின் மனைவி வாளியோடு இறங்கும்போது அதில் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. உள்ளே இரும்பு வைத்தார்கள். பிறகு சக்கர நாற்காலி வந்தது. அது வீட்டுக்குள் நடை வரைக்கும் நன்றாக உருண்டு வரும். படியருகே வந்ததும் நின்றுவிடும். ஒருநாள் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிப் பார்த்தார்கள். இரும்பு உள்ளே எங்கேயோ இடித்து, இரண்டு வாரம் வலியில் துடித்தாள். "இனிமே என்னை மூட்டை மாதிரி தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். "உருண்டு வர்றதுன்னா வர்றேன்."

டாக்டர் கண்டக்டரைத் தனியாக அழைத்தார். "அவங்க எதுக்கு ஆசைப்படுறாங்களோ செஞ்சு குடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கண்டக்டருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவர்போல, என்ன வேண்டும் என்று மனைவியிடம் கேட்டார்.

"நாலு இருபதுக்கு வாசல்ல இருக்கணும். அவ்வளவுதான்."

"இப்பதான் அந்தப் பஸ்ஸே வர்றதில்லையே. தடத்தையே எடுத்துட்டாங்க."

"பஸ்ஸுக்கா நின்னேன்?"

கண்டக்டர் மறுநாள் காலையிலேயே கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் படியைக் குனிந்து பார்த்தார், குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அரை மணி நேர வேலைண்ணே. படியை உடைச்சிட்டுச் சிமெண்ட்ல சரிவு போட்டுர்றேன். காய்ஞ்சதும் அண்ணி ஜம்முன்னு வெளியே வந்துரலாம். எதிர்வீட்டுல போட்டேனே, அதே மாதிரி."

எதிர்வீடு தையல்காரம்மாவின் வீடு. அந்த வாசலிலும் ஒரு காலத்தில் இதைப்போலவே படி இருந்தது. தினமும் தையல் மிஷினை வெளியே உருட்டிவர இடைஞ்சலாக இருக்கிறதென்று இதே கொத்தனாரை வைத்து உடைத்து, வழவழவென்று சரிவு போட்டுக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குச் சரித்திரம் எதுவும் கிடையாது. கொடுத்துவைத்த வீடு.

கண்டக்டர் வீட்டுக்குச் சரித்திரம் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை அறைந்திருந்தது: 'பாதுகாக்கப்பட்ட தொன்மைக் கட்டடம். அனுமதியின்றி மாற்றினால் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும், குடியிருப்போர் வெளியேற்றப்படுவர்.' நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் இந்தத் தெருவில் ஒரு வீட்டுப் படியில் தடுக்கி விழுந்தாராம். அதனால் பாதுகாப்பு. அந்தப் பெரிய மனிதர் யார் என்பது கோப்பில் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. எனவே அவர் பெரிய மனிதர் என்பது மட்டும் உறுதி.

"அனுமதி வாங்கிட்டு வர்றேன்" என்றார் கண்டக்டர்.

"எதுக்குண்ணே வம்பு. நான் இப்பவே உடைச்சிர்றேன். யாராவது கேட்டா எலி கடிச்சிருச்சுன்னு சொல்லுங்க."

"சொந்தப் பெண்டாட்டிக்கே டிக்கெட் கிழிச்ச மனுஷன்ப்பா" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "அவர்கிட்டப் போயி."

*

தொன்மைக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகம் புத்தம்புதுக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. பழைய கட்டடத்தில் இருந்தால் அதை மாற்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்பதால் மாறிவிட்டார்கள். வாசலில் சக்கர நாற்காலிக்காக இருபுறமும் கைப்பிடி வைத்து அழகான சாய்தளம் போட்டிருந்தார்கள். அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள். 'தொட்டிகள் உள்ளன, ஏறாதீர்கள்' என்று அறிவிப்பு. கண்டக்டர் அதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு படியேறிப் போனார்.

எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கினார். எதற்காக மாற்ற வேண்டும் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"காரணம்?"

"என் மனைவி விழுந்து இடுப்பு உடைஞ்சிருச்சு சார்."

"எங்க விழுந்தாங்க?"

"அதே படியிலதான்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு பரவசம் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இங்க வாங்க. அந்தப் படியில மறுபடியும் ஒருத்தர் விழுந்திருக்காங்க." பிறகு கண்டக்டரிடம் திரும்பி, "அப்ப படி நல்ல நிலையில இருக்குன்னு அர்த்தம். நூத்தி நாற்பது வருஷமா தன்னோட இயல்பை விடாம வச்சிருக்கு. எத்தனை கட்டடத்துல இதைப் பாக்க முடியும், சொல்லுங்க" என்றார். அதை விண்ணப்பத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

"அவ விழுந்ததை எடுக்கறதுக்குக் காரணமாப் போட முடியாதா சார்?"

"பெரியவர் விழுந்தது சரித்திரம். உங்க மனைவி விழுந்தது இன்னும் சம்பவம்தான். ஐம்பது வருஷம் கழிச்சு வாங்க, பரிசீலிக்கலாம்."

"ஒரு பலகையாவது சாய்ச்சுப் போட்டுக்கறேன். படியைத் தொடவே மாட்டேன்."

"பலகை எங்கேர்ந்து எங்க போகும்?"

"வீட்டுக்குள்ளேர்ந்து தெருவுக்கு."

"ரெண்டு இடத்தை இணைக்குதில்ல? அப்ப அது பாலம். பாலத்துக்கு வேற துறை."

பாலத் துறைக்கும் கண்டக்டர் போனார். கீழே எந்த ஆறு ஓடுகிறது என்று அவர்கள் கேட்டார்கள். ஆறு இல்லாத இடத்தில் பாலம் கேட்பது முறைகேடு என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதை அவர் கோப்பில் வைத்துக்கொண்டார். டிக்கெட்டுகளைப் போல எதையும் வரிசை எண் குலையாமல் வைத்திருக்கும் பழக்கம் அவருக்கு.

*

நான்கு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். நல்ல பெண்மணி. கையில் இஞ்ச் டேப், தோளில் பை, பையில் ஒரு புகைப்படம். வீட்டைப் பட்டியலில் சேர்த்தபோது அலுவலகம் எடுத்த படம், பதினைந்து வருஷத்துக்கு முந்தியது. அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே இன்றும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

தெருவைத் தாண்டிப் போய், எதிர்வீட்டுச் சரிவின்மேல் நின்று படத்தை உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பொருந்தவில்லை. "படம் எடுத்தவர் இன்னும் கொஞ்சம் உயரத்துல நின்னிருக்கார்" என்றார். தையல்காரம்மா ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். ஆய்வாளர் அதன்மேல் ஏறினார். இப்போது பொருந்தியது.

நடையில், படிக்கு உள்ளே, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்டக்டரின் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அங்கயும் ஒரு படி இருந்துச்சு மேடம்" என்று குரல் கொடுத்தாள். "படம் பிடிக்க வந்தவரு அந்தப் படியைத்தான் ரொம்ப நேரம் துடைச்சுத் துடைச்சுப் பாத்தாரு. அப்புறம் வெயிலு தாங்காம அது மேலயே ஏறி, நிழல்ல நின்னுக்கிட்டு இந்தப் பக்கம் பிடிச்சிட்டுப் போயிட்டாரு."

"எதிர்வீடு எங்க பட்டியல்ல வராதும்மா" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கதவு இருக்கிறது. படி இருக்கிறது. சுவரில் விரிசல் இருக்கிறது, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, அதற்குக் கண்டக்டரை எச்சரித்தார். பிறகு படத்தை அவரிடம் காட்டினார்.

"இவங்க எங்க?"

படத்தில் வாசற்படிமேல் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் நீல வாளி. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, படத்துக்கு வெளியே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. படத்தின் வலது ஓரத்தில் கலங்கலாக ஒரு பேருந்தின் பின்பக்கம்.

அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. தினமும் ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு நொடி பார்த்த முகம், ஓடாமல் நின்றிருந்தது.

"என் மனைவி மேடம். உள்ள உக்காந்திருக்காளே."

"இங்க இருந்தவங்க உள்ள எப்படிப் போனாங்க?"

"விழுந்துட்டா. நிக்க முடியாது."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. கண்டக்டர் அதைக் கட்டிலருகே உட்கார்ந்து மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

'மேற்படி கட்டடத்தின் முகப்பிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு வாளியும் முன் அனுமதியின்றி அகற்றப்பட்டிருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. இவை கட்டடத்தின் பதிவுசெய்யப்பட்ட தோற்றத்தின் பகுதிகளாகும். அப்பெண் முகப்பில் நிற்க வேண்டும் என்று இதனால் தெரிவிக்கப்படுகிறது. தவறினால் மேல் நடவடிக்கை.'

அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் அப்படிச் சிரிக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, படிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லையே" என்றாள். "என்னைக் காணோம்னு தேட ஒரு ஆபீசாவது இருக்கு."

*

விசாரணைக்கு ஆணையர் முன்னால் நிற்கச் சொன்னார்கள். ஆணையர் மரியாதை தெரிந்தவர்.

"உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது பழசு. இதுல உக்காருங்க."

கண்டக்டர் உட்கார்ந்தார். ஆணையர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி பேச ஆரம்பித்தார்.

"நாங்க மனுஷங்களுக்கு விரோதி இல்லை. அதை முதல்லயே சொல்லிடறேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் கண்டது ஒண்ணு. ஒரு கட்டடத்துக்குப் பெரிய ஆபத்து மழை இல்லை, இடி இல்லை, கரையான்கூட இல்லை. குடியிருக்கறவங்க. கதவைத் திறக்கறாங்க, மூடறாங்க. படியில நடக்கறாங்க. நடந்தா தேயாதா? யாருமே குடியில்லாத கட்டடம் எங்க கையில எழுபது இருக்கு. போய்ப் பாருங்க, என்ன அமைதி. கூரை இடிஞ்சு விழுந்ததுக்கு அப்புறமும் ஒரு கட்டடத்துலேர்ந்தும் ஒரு புகார் வந்ததில்லை."

"ஐயா, அவ வாசல்ல இருக்கணும்னு நீங்க நோட்டீஸ் குடுத்திருக்கீங்க. எனக்கும் அதுதான் வேணும். அவளுக்கும் அதேதான் வேணும். படியை எடுக்க அனுமதி குடுங்க, மறுநாளே கொண்டுவந்துடறேன்."

ஆணையருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாத்தீங்களா. நாம மூணு பேரும் ஒரே கட்சி. ஆனா ஒரு சின்னச் சிக்கல். விதிமீறல் நிலுவையில இருக்கும்போது புது விண்ணப்பத்தை நாங்க தொடக் கூடாது. முதல்ல அந்தம்மாவை வாசல்ல நிறுத்துங்க. அப்புறம் படியைப் பத்திப் பேசுவோம்."

"படியை எடுத்தாத்தானே ஐயா அவ வாசலுக்கு வர முடியும்?"

"அப்படித் தலைகீழா யோசிக்கக் கூடாது."

கண்டக்டர் மேசைமேல் கோப்பிலிருந்த படத்தைக் காட்டினார். "இதுல பஸ்ஸும் இருக்கு ஐயா. அதையும் இப்ப காணோம். அதுக்கு நோட்டீஸ் வரலையே."

"பஸ் அசையற பொருள்."

"அவளும் அசையறவதானே ஐயா."

"படத்துல அசையலையே. நல்லாப் பாருங்க. பஸ் கலங்கியிருக்கு. அந்தம்மா தெளிவா இருக்காங்க. படத்துல தெளிவா இருக்கறது எல்லாம் கட்டடத்தைச் சேர்ந்தது. அதுதான் விதி. உங்க கதவு தெளிவா இருக்கு, படி தெளிவா இருக்கு, அவங்க அதையெல்லாம்விடத் தெளிவா இருக்காங்க."

இதை மட்டும் கண்டக்டரால் மறுக்க முடியவில்லை.

கிளம்பும்போது ஆணையர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். பழைய ஓடு உடைந்து அதேபோல் ஓடு கிடைக்காவிட்டால், அதே அளவில் அதே தோற்றத்தில் மாற்று ஓடு வைக்க விதியில் இடமுண்டு. பெண்ணுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம். "முப்பது நாள் தர்றேன்" என்றார்.

*

தையல்காரம்மா தானாகவே முன்வந்தார். "அக்காவுக்காக வாசல்ல நிக்கறது ஒரு வேலையா. உயரம்கூடக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அளவு எடுத்தவ நானில்லையா."

ஆய்வாளர் வந்த அன்று தையல்காரம்மா கண்டக்டர் வீட்டு வாசற்படியில் ஒரு வாளியோடு நின்றார். படிக்கு உள்ளே, நாற்காலியின் முன்சக்கரம் படியில் இடிக்கும்வரை தள்ளிவந்து, கண்டக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் நேராக உட்காரவே இப்போதெல்லாம் இரண்டு தலையணை வேண்டியிருந்தது. குரல் மட்டும் தேயவில்லை.

"இடது காலை முன்னாடி வையி. வாளி கனமா இருக்கற மாதிரி இடுப்பைச் சாய்ச்சுக்க. அவ்வளவு சாயாதே, உடைஞ்சிரும், எனக்கு ஆன மாதிரி."

"சும்மா இருங்கக்கா, சிரிப்பு வருது."

"சிரிக்கத்தானே வேணும்."

எதிரே முக்காலிமேல் நின்ற ஆய்வாளர் படத்தை உயர்த்திப் பிடித்தார். "சிரிங்கம்மா. இது இல்லை. கொஞ்சம் குறைச்சு. இதுவும் இல்லை. படத்துல இருக்கறது வேற சிரிப்பு."

"எப்படி வேணும்னு சொல்லுங்க மேடம், அளவு குடுத்தா வெட்டித் தைச்சுடறேன்" என்றார் தையல்காரம்மா, உதடு வலிக்க.

"அவளை விட்டுடுங்க மேடம்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "அன்னிக்குப் பஸ் வந்துச்சு. அவரு மூணாவது விசில் அடிச்சாரு. அதுக்கு வந்த சிரிப்பு அது. இவளுக்கு யாரு விசில் அடிப்பா?"

கண்டக்டர் வீட்டுக்குள் போனார். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, தெருவில், முன்பு பேருந்து கடந்துபோகும் இடத்தில் போய் நின்றார். சட்டைப் பைக்குள்ளிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்து, சின்னதாக ஒன்று ஊதினார். எட்டு வருஷத் தூசி அதில் இருந்தது. சத்தம் பாதி காற்றாக வந்தது.

வாசலில் நின்ற தையல்காரம்மா சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால், படிக்கு உட்புறம், நடையின் மங்கலில், இரண்டு தலையணைகளுக்கு நடுவே அந்தச் சிரிப்பு இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் படத்தில் இருந்த அதே சிரிப்பு. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

ஆய்வாளரும் அதைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், மறுபடி நடையைப் பார்த்தார். முக்காலியிலிருந்து இறங்கிவந்து கண்டக்டரிடம் மெதுவாகச் சொன்னார்: "சிரிப்பு சரியா இருக்கு சார். நானே எழுதறேன். ஆனா படிக்கு உள்பக்கம் இருக்கு. உள்பக்கம் முகப்புல சேராது."

அறிக்கையில், 'மாற்று ஏற்கப்படவில்லை. காரணம்: சிரிப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அன்று மாலை கொத்தனார் கடப்பாரையோடு வந்துவிட்டார். "அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. அது போதும்." கண்டக்டர் கடப்பாரையைப் பார்த்தார், கதவோரத் தகரப் பலகையைப் பார்த்தார். "பூட்டி முத்திரை வச்சுட்டாங்கன்னா இவளை எங்கப்பா கொண்டுபோய் வைப்பேன்? இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் இருக்கு. மறுபடி ஒரு மனு குடுத்துப் பாக்கறேன்" என்றார். கொத்தனார் படியின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

உள்ளே இருந்து மனைவி, "டிக்கெட் இல்லாம என்னை ஏத்த மாட்டீங்க" என்றாள். அவரை வாரத்தான் சொன்னாள். அவருக்கு அப்படிக் கேட்கவில்லை.

*

பதினோரு நாள் கழித்து, ஒரு காலையில், அவர் காப்பி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

நாலு பேர் தூக்கிப் படியைத் தாண்டினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இந்தத் தடவை அவளுக்கு வலிக்கவும் இல்லை. வண்டி வரும்வரை வாசலில் ஒரு பெஞ்சு போட்டு அதில் கிடத்தினார்கள். கதை எழுதுகிறவனாக இருந்தால் அப்போது மணி நாலு இருபது என்று எழுதியிருப்பேன். சத்தியம் செய்துவிட்டதால் சொல்கிறேன், பகல் பன்னிரண்டே முக்கால். அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் எந்தப் பேருந்தும் எப்போதும் போனதில்லை.

அன்று முப்பதாவது நாள். ஆய்வாளர் ஒன்றும் தெரியாமல் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார், வெகு நேரம் தலைகுனிந்து. பிறகு வேலை வேலைதானே. எதிர்ப்பக்கம் போனார். தையல்காரம்மா முக்காலி கொடுக்கவில்லை. முக்காலி இல்லாமலே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. 'குறித்த நாளில் நடத்திய ஆய்வில்: பெண் - உண்டு. நிலை - கிடை. சிரிப்பு - இல்லை. வாளி - இல்லை. பகுதியளவு இணக்கம் என்று ஏற்கப்படுகிறது. மீதியையும் நிறைவுசெய்ய மேலும் முப்பது நாள் வழங்கப்படுகிறது.'

கண்டக்டர் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆணையரிடம் போனார். ஆணையர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. பட்டியலைத் திருத்திடலாம். 'பெண்'ங்கற வரியை அடிச்சுட்டு, வெறும் வாசலா ஒரு புதுப் படம் எடுத்து ஒட்டிடுவோம். நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். விதிமீறல் தீர்ந்துடும். அதுக்கப்புறம் படியையும் எடுத்துக்குங்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

கண்டக்டர் பேனாவை வாங்கினார். தாளைப் பார்த்தார். பழைய படத்தின் குறுக்கே பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கலாமாய்யா?"

"கேளுங்க."

"அவ வாசல்ல நிக்கணும்னு ஒரு நோட்டீஸ் குடுத்தீங்களே. அது இன்னும் அமல்ல இருக்கா?"

"நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இருக்கும்."

கண்டக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "அப்ப இருக்கட்டும்யா."

இப்போதும் முப்பது நாளுக்கு ஒருமுறை நோட்டீஸ் வருகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மனைவியின் பெயருக்கு வந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் நின்றுவிட்டன. இது மட்டும் தவறுவதில்லை. கண்டக்டர் ஒரு நீல வாளி வாங்கி வாசற்படிமேல் வைத்தார். 'வாளி குறித்த விதிமீறல் தீர்ந்தது. பெண் குறித்தது நிலுவையில் உள்ளது' என்று பதில் வந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்து, 'அப்பெண் முகப்பில் நிற்க வேண்டும்' என்ற வரிக்கு வந்ததும், "ஆமா" என்று வாய்விட்டுச் சொல்வார். பிறகு வரிசை எண் பார்த்துக் கோப்பில் வைப்பார். சட்டையை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவார்.

"கால அவகாசமா?" என்று எழுத்தர் கேட்பார், தலையைத் தூக்காமல்.

"ஆமாங்க."

"காரணம்?"

"முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன்னு போடுங்க."

கொத்தனார் ஒருநாள் வந்து, "இனிமேலாவது அந்தப் பாழாய்ப்போன படியை உடைச்சுப் போடட்டுமாண்ணே?" என்று கேட்டார்.

"வேண்டாம்ப்பா. இன்னும் அவளைத் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார் கண்டக்டர்.

சத்தியம் செய்கிறவன் சரிபார்த்துவிட்டுச் செய்ய வேண்டும் என்று, நான் அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டின் மூலப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அதில் எழுதியிருக்கும் கதவு எண் எதிர்வீட்டினுடையது.